பழைய 6எஸ்இ70 டிரைவில் லோடு ஏறினால் எஃப்008: ஆறு வருடம் அலமாரியில் கிடந்த ஸ்பேரை அப்படியே மாட்டலாமா?

எக்ஸ்ட்ரூடர்_மூன்று

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் மூன்றாவது எக்ஸ்ட்ரூடர் லைனில் ஸ்க்ரூ மோட்டாரை ஓட்டுவது ஒரு பழைய சீமென்ஸ் டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற பெட்டி), மாஸ்டர்டிரைவ்ஸ் வெக்டர் கன்ட்ரோல், 6எஸ்இ70 வரிசை, 37 கிலோவாட், 400 வோல்ட். உள்ளே சியூவிசி கன்ட்ரோல் கார்டு, புரொஃபிபஸுக்கு (மெஷினை இயக்குகிற பிஎல்சி கணினியோடு பேசும் கேபிள்) சிபிபி2 கார்டு, மோட்டாரின் பின்பக்கம் வேகம் அளக்கிற 1024 பல்ஸ் என்கோடர். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே, கிட்டத்தட்ட இருபது வருடமாக ஓடுகிறது.

இரண்டு வாரமாக எஃப்008 வருகிறது, அதாவது டிரைவுக்குள் ஏசியை டிசியாக்கித் தேக்கிவைக்கிற டிசி பஸ்ஸில் வோல்டேஜ் குறைவு. ஸ்க்ரூ மெதுவாகச் சுற்றும்போது ஒன்றும் இல்லை. உற்பத்தி வேகத்துக்கு ஏற்றி லோடு முக்கால்வாசியைத் தாண்டினால் ஷிஃப்டுக்கு இரண்டு மூன்று முறை டிரிப் ஆகிறது. ரீசெட் கொடுத்தால் மறுபடி ஓடுகிறது. டிரைவ் காட்டுகிற ஆர்006 மதிப்பில் பஸ் வோல்டேஜைப் பார்த்தேன், லோடு இல்லாதபோது 560 காட்டுகிறது, லோடு ஏறினால் 480-க்குக் கீழே இறங்கி ஆடுகிறது. மீட்டர் வைத்துப் பார்த்தால் மூன்று ஃபேஸும் 400 சரியாக இருக்கிறது. கூட வேலை செய்யும் அண்ணன் ஒருவர் "கேபாசிட்டர் செத்துவிட்டது, வேறு எதுவும் இல்லை" என்கிறார்.

மூடிய ஒரு லைனிலிருந்து கழற்றிய ஸ்பேர் டிரைவ் ஒன்று அலமாரியில் இருக்கிறது. அதே ரேட்டிங், ஆர்டர் நம்பரும் அதேதான், ஆனால் சிபிபி2 கார்டு இல்லை. அதற்குக் கரண்ட் கொடுத்து ஆறு வருடம் ஆகிறது. அடுத்த ஷட்டவுனில் எட்டு மணி நேரம் கிடைக்கும். அதில் பழையதைக் கழற்றிவிட்டு ஸ்பேரை மாட்டலாம் என்று யோசிக்கிறேன்.

இன்னொரு பயமும் இருக்கிறது. ஓடுகிற டிரைவின் பேராமீட்டர் (பி எண்களில் இருக்கிற செட்டிங்குகள்) பேக்கப் எங்கேயும் இல்லை. கமிஷனிங் செய்தவர்கள் யாரும் இப்போது இங்கே இல்லை, கையால் எழுதிய பட்டியல் ஒன்று பேனல் கதவில் இருக்கிறது, அதிலும் பாதி அழிந்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லுங்கள்.

---

பழைய_டிரைவ்

தம்பி, முதலில் ஸ்பேரைத் தொடாதீர்கள். நீங்கள் கடைசியாக எழுதியதுதான் முதல் வேலை. இன்று ஓடுகிற டிரைவிலிருந்து பேராமீட்டரை வெளியே எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். இந்த வகை டிரைவில் பேராமீட்டர் எல்லாம் சியூவிசி கார்டில் இருக்கிற ஈஇப்ராம் நினைவகச் சிப்பில் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கார்டு போனால் உங்கள் மெஷின் எப்படி இணைக்கப்பட்டது என்கிற ஒரே பதிவு போய்விடும். பவர் பகுதி போனால் இன்னொன்று தேடி எடுக்கலாம். இருபது வருடத்துக்கு முன்னால் ஒருவர் பி554-இலும் (ஆன் கட்டளை எங்கிருந்து) பி443-இலும் (வேகக் கட்டளை எங்கிருந்து) என்ன இணைத்தார் என்பதை எங்கே போய்த் தேடுவீர்கள்?

எடுக்க இரண்டு வழி. ஓபி1எஸ் பேனல் (டிரைவில் மாட்டுகிற கையடக்க இயக்கப் பலகை) கையில் இருந்தால் அதில் 'அப்ரீட்' கொடுங்கள், மொத்தமும் பேனலுக்குள் வந்துவிடும். ஆனால் அதை மட்டும் நம்பி நிற்காதீர்கள், பேனலையும் யாராவது கீழே போடுவார்கள். இரண்டாவது, டிரைவ்மானிட்டர் மென்பொருள் உள்ள மடிக்கணினி. டிரைவின் முன்பக்கம் பொத்தான்களும் சின்ன டிஸ்பிளேயும் உள்ள பிஎம்யூவில் எக்ஸ்300 என்கிற ஒன்பது பின் சாக்கெட் இருக்கும், அதில் சீரியல் கேபிள் போட்டு யுஎஸ்எஸ் நெறிமுறையில் பேசலாம். யுஎஸ்பி மாற்றி வழியாகவும் வேலை செய்யும், ஆனால் சில மலிவான மாற்றிகள் பாதியில் அறுந்துபோகும், அதனால் எடுத்து முடித்ததும் கோப்பைத் திறந்து கடைசி பேராமீட்டர் வரை மதிப்பு இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். முழுப் பட்டியலையும் எடுங்கள், ஃபேக்டரி செட்டிங்கிலிருந்து மாறியவை மட்டும் உள்ள பட்டியலையும் தனியாக எடுங்கள். மெஷினைப் புரிந்துகொள்ள இரண்டாவதுதான் உதவும், படிக்க ஒரு மணி நேரம் போதும்.

பலருக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். எக்ஸ்9 டெர்மினலில் 1-க்கும் 2-க்கும் வெளியிலிருந்து 24 வோல்ட் டிசி கொடுத்தால் கன்ட்ரோல் கார்டு தனியாக உயிர் பெறும். மெயின்ஸ் தேவையே இல்லை. நாளைக்கு ஐஜிபிடி (பவர் டிரான்சிஸ்டர்) வெடித்து டிரைவ் செத்தாலும் இப்படி 24 வோல்ட் கொடுத்துப் பேராமீட்டரை எடுத்துவிடலாம். ஸ்பேரையும் இப்போதே மேஜையில் வைத்து 24 வோல்ட் மட்டும் கொடுத்து, கார்டு பேசுகிறதா, ஆர்069-இல் மென்பொருள் பதிப்பு என்ன என்று பார்த்துக்கொள்ளலாம். பவர் கேபாசிட்டர் பக்கம் ஒரு வோல்ட்டும் போகாது.

ஆர்069 ஏன் கேட்கிறேன் என்றால், இரண்டு டிரைவுக்கும் பதிப்பு வேறாக இருந்தால் கோப்பை அப்படியே ஏற்றும்போது சில பேராமீட்டர் மறுக்கப்படும். அதைவிட எளிய வழி, பழைய டிரைவின் சியூவிசி கார்டையே கழற்றி ஸ்பேரில் போடுவது. ரேட்டிங் ஒன்றுதான் என்பதால் எதுவும் மாற்ற வேண்டாம். ரேட்டிங் வேறாக இருந்தால் மட்டும் பி060-ஐ 8 ஆக்கி, பவர் பகுதி எது என்று பி070-இல் சொல்ல வேண்டும். அது தெரியாமல் பெரிய டிரைவின் கார்டைச் சின்ன டிரைவில் போட்டு ஓட்டினால் கரண்ட் அளவே தப்பாகத் தெரியும், பாதுகாப்பு வேலை செய்யாது.

எஃப்008 பற்றி இன்னொருவர் என்ன சொல்கிறார் என்று பார்க்கலாம், எனக்கும் சந்தேகம் இருக்கிறது.

---

சுழலி

நான் கேபாசிட்டர் கட்சி இல்லை. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன், ஏனென்றால் எஃப்008 என்றதும் கேபாசிட்டர் மாற்றுகிற பழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது, நிறையப் பேர் வீணாகச் செலவு செய்கிறார்கள்.

400 வோல்ட் மூன்று ஃபேஸை ஆறு டயோடு ரெக்டிஃபையரில் (ஏசியை டிசியாக்கும் பகுதி) கொடுத்தால் உச்சம் 565 வோல்ட். அடுத்த ஃபேஸ் கைமாறுகிற இடத்தில் பள்ளம் இருக்கும். கேபாசிட்டரே இல்லாவிட்டாலும் அந்தப் பள்ளம் உச்சத்தில் 0.866 பங்கு, அதாவது 489 வோல்ட். சோக் சுருளில் ஒரு சில சதவீதம் விழும், அவ்வளவுதான். இந்த டிரைவில் எஃப்008 வருவது பெயரளவு பஸ் வோல்டேஜில் 76 சதவீதத்துக்குக் கீழே போனால். பெயரளவு என்பது பி071-இல் உள்ள லைன் வோல்டேஜை 1.35-ஆல் பெருக்கியது. 400 போட்டிருந்தால் 540, அதில் 76 சதவீதம் 410. இப்போது பாருங்கள், மூன்று ஃபேஸும் நன்றாக வந்துகொண்டிருந்தால் கேபாசிட்டர் முழுவதும் செத்திருந்தாலும் பஸ் 410-க்கு இறங்க வழியே இல்லை.

அப்படியானால் எப்படி இறங்குகிறது? ஒரு ஃபேஸ் வராவிட்டால் இறங்கும். இரண்டு ஃபேஸில் ஓடும்போது உச்சம் அதே 565 வரும், லோடு இல்லாவிட்டால் கேபாசிட்டர் அப்படியே பிடித்துவைத்திருக்கும், நீங்கள் பார்த்த 560 அதுதான். லோடு ஏறினால் ஒரு உச்சத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் 10 மில்லிசெகண்ட் இடைவெளி, அந்த நேரம் முழுவதும் கேபாசிட்டர் மட்டுமே மோட்டாருக்குக் கொடுக்க வேண்டும், பள்ளம் 400 வரை போய்விடும். நீங்கள் எழுதிய அறிகுறி எழுத்துக்கு எழுத்து இதோடு பொருந்துகிறது. கேபாசிட்டர் பழையதாக இருந்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும், அது உண்மை. ஆனால் தொடக்கம் அங்கே இல்லை.

மீட்டரில் மூன்று ஃபேஸும் 400 என்றீர்கள். எங்கே வைத்தீர்கள், லோடு இருக்கும்போதா? ஃபியூஸுக்கு மேலே வைத்தால் எப்போதும் 400 தான். கீழே வைத்தாலும், தீய்ந்த தொடுமுனை லோடு இல்லாதபோது முழு வோல்டேஜ் காட்டும். அதனால் வோல்டேஜை விட்டுவிட்டு, ஓடும்போது டிரைவுக்குள் போகிற மூன்று கம்பியிலும் கிளாம்ப் மீட்டர் போட்டு கரண்டைப் பாருங்கள். மூன்றும் கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும். ஒன்று சுண்டிப்போய் மற்ற இரண்டும் வீங்கியிருந்தால் விடை கிடைத்துவிட்டது. ஐந்து நிமிட வேலை, எதையும் கழற்ற வேண்டாம்.

கரண்ட் சமமாக இருந்தால் பி071-ஐப் பாருங்கள். யாராவது 480 போட்டிருந்தால் எல்லை 492-க்கு ஏறிவிடும், அப்போது நல்ல மின்சாரத்திலும் பள்ளம் எல்லையை உரசும். அதுவும் சரி என்றால் ரெக்டிஃபையர். பெரிய சைஸ்களில் அது பாதி தைரிஸ்டர் (கேட்டில் துடிப்பு கொடுத்தால்தான் கடத்துகிற டயோடு மாதிரி), அதன் கேட் துடிப்பு ஒரு ஃபேஸுக்குப் போகாவிட்டாலும் இதே கதைதான். சின்ன சைஸ்களில் ப்ரீசார்ஜ் ரெசிஸ்டரை (தொடக்கத்தில் கேபாசிட்டரை மெதுவாக நிரப்புவது) குறுக்கே மூடுகிற ரிலே கையைவிட்டால், லோடு முழுவதும் அந்த ரெசிஸ்டர் வழியாக இழுக்கும், ரெசிஸ்டர் கருகிய வாசனையே காட்டிக்கொடுக்கும்.

---

நீலப்பொறி

சுழலி சொன்ன கணக்கைப் படித்துவிட்டு நானே ஒரு முறை போட்டுப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. நான் ஸ்பேர் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதில் அடிபட்டவன் நான்.

எட்டு வருடம் மூட்டைகட்டி வைத்திருந்த ஒரு டிரைவை அவசரத்தில் நேராக 400 வோல்ட்டில் மாட்டினேன். இருபது நிமிடம் நன்றாக இருந்தது. பிறகு பட்டென்று ஒரு சத்தம், ஒரு கேபாசிட்டரின் மேல்மூடி வாய்பிளந்து உள்ளிருந்த திரவம் கார்டுகள் மேல் தெளித்துவிட்டது. நல்ல டிரைவ், என் அவசரத்தால் போனது. இன்றைக்கும் அந்த வாசனை நினைவிருக்கிறது.

எலக்ட்ரோலிடிக் கேபாசிட்டரில் இன்சுலேஷனாக இருப்பது அலுமினியத் தகட்டின் மேல் உள்ள மெல்லிய ஆக்சைடு படலம். வோல்டேஜ் இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தால் அந்தப் படலம் கொஞ்சம் கொஞ்சமாக நலிந்துபோகும். அந்த நிலையில் முழு வோல்டேஜ் கொடுத்தால் கசிவுக் கரண்ட் தாறுமாறாக ஏறி உள்ளே சூடாகி வாயு உண்டாகும். மெதுவாக வோல்டேஜ் ஏற்றினால் அதே கசிவுக் கரண்ட் படலத்தை மறுபடி வளர்த்துவிடும். இதைத்தான் ரீஃபார்மிங் என்கிறார்கள். மாஸ்டர்டிரைவ்ஸ் கையேட்டிலேயே ஒரு வருடத்துக்கு மேல் சும்மா இருந்தால் செய்யச் சொல்லியிருக்கிறது. ஆறு வருடம் என்றால் தவிர்க்கவே முடியாது.

நான் செய்கிற முறை இது. டிரைவை மேஜையில் வைத்து மோட்டார் கம்பி, மெயின்ஸ் எதுவும் இல்லாமல், சி, டி என்று குறித்த டிசி டெர்மினல்களில் வெளி ரெக்டிஃபையர் ஒன்றை இணைப்பேன், சி பிளஸ், டி மைனஸ், இதில் மட்டும் ஒரு தடவைக்கு மூன்று தடவை சரிபார்ப்பேன். ரெக்டிஃபையருக்கு முன்னால் மூன்று ஃபேஸ் வேரியாக், அதாவது வோல்டேஜை ஏற்றி இறக்குகிற டிரான்ஸ்ஃபார்மர். ரெக்டிஃபையருக்கும் டிரைவுக்கும் நடுவில் தொடராக இரண்டு டங்ஸ்டன் பல்பு, ஏதாவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், டிரைவ் தப்பிக்கும். பிறகு பெயரளவு வோல்டேஜில் 25 சதவீதம், 50, 75, 100 என்று நான்கு படி. ஓரிரண்டு வருடம் கிடந்ததற்கு படிக்கு அரை மணி நேரம் போதும், உங்களுடையதற்கு படிக்கு இரண்டு மணி நேரம். நடுவில் உள்ளே இருக்கிற பவர் சப்ளை விழித்துக்கொண்டு டிஸ்பிளே எரியும், பல்பும் லேசாக மின்னும், பயப்பட வேண்டாம், அடுத்த படிக்குப் போகும்போது பல்பு மங்கிப்போகிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒரு படியில் நேரம் ஆக ஆக கரண்ட் குறையாமல் ஏறினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், அந்த கேபாசிட்டர் இனி தேறாது.

ஒற்றை ஃபேஸ் வேரியாக் மட்டும் இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். 270 வோல்ட் வரை தந்தாலும் டிசி 380 தான் வரும். அங்கே நிறுத்தி "முடிந்தது" என்று மெயின்ஸில் மாட்டினால் மீதி 185 வோல்ட்டைப் படலம் ஒரே அடியில் தாங்க வேண்டும். நடுவில் ஒரு ஸ்டெப்அப் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள்.

100 சதவீதத்தில் நிற்கும்போது இன்னொன்றும் பாருங்கள். பஸ்ஸில் கேபாசிட்டர்கள் இரண்டு இரண்டாகத் தொடரில் இருக்கும். மேல் பாதியும் கீழ்ப் பாதியும் தலா 280 பக்கம் காட்ட வேண்டும். ஒன்று 320, இன்னொன்று 240 என்றால் சமன்செய்யும் ரெசிஸ்டர் ஒன்று அறுந்திருக்கிறது, அல்லது ஒரு கேபாசிட்டர் கசிகிறது.

இந்த வேலை முழுவதும் உயிருள்ள 565 வோல்ட் டிசியில் நடக்கிறது. தனியாக நின்று செய்யாதீர்கள், 1000 வோல்ட்டுக்கான மீட்டரும் புரோபும் வேண்டும், அணைத்த பிறகு ஐந்து நிமிடம் காத்திருந்து, சி-க்கும் டி-க்கும் நடுவில் அளந்து பார்த்த பிறகே கை வையுங்கள். காத்திருந்தது மட்டும் போதாது, டிஸ்சார்ஜ் ரெசிஸ்டரும் இருபது வருடம் பழையதுதான்.

---

தறி_மின்பிரிவு

நல்ல விளக்கம், ஆனால் நான் வேறு மாதிரி நினைக்கிறேன். இந்த வரிசை உற்பத்தி நின்று பல வருடம் ஆகிவிட்டது. அதே நிறுவனத்தின் சினாமிக்ஸ் வரிசை இடத்தைப் பிடித்துவிட்டது. இன்று ஒரு எட்டு மணி நேரத்தை ஸ்பேருக்குச் செலவிடுவதைவிட, புதிய டிரைவுக்குத் திட்டம் போடுவது நல்லது இல்லையா? நாங்கள் கடைசிவரை பழையதோடு மல்லுக்கட்டி, ஒரு பண்டிகைக் கால ஷட்டவுனில் வேறு வழியில்லாமல் அவசரமாக மாற்றினோம். நிதானமாகச் செய்திருந்தால் பாதி வேதனை இருந்திருக்காது.

---

பழைய_டிரைவ்

தறி_மின்பிரிவு, நீங்கள் சொல்வது நியாயம், அதை மறுக்கவில்லை. ஆனால் புதிய டிரைவ் என்றால் டிரைவ் மட்டும் இல்லை. புரொஃபிபஸில் போகிற டெலிகிராம் (தகவல் பொட்டலம்) அமைப்பு மாறும், பிஎல்சி ஹார்டுவேர் அமைப்பைத் திறக்க வேண்டும், அந்த நிரலின் மூலக் கோப்பு கையில் இருக்கிறதா என்பதே பல இடங்களில் சந்தேகம். என்கோடர் சிக்னல் வகை பொருந்த வேண்டும், பேனலில் இடம், வெப்பம் எல்லாம் பார்க்க வேண்டும். அதைத் திட்டமிடுகிற மாதங்களில் மெஷின் ஓட வேண்டுமே, அதற்குத்தான் இந்த ஸ்பேர். இன்னொன்று, மாற்றும் நாளிலும் இந்தப் பேராமீட்டர் பட்டியல் இல்லாமல் எதையும் செய்ய முடியாது. ராம்ப் நேரம், கரண்ட் எல்லை, எந்த வார்த்தையில் எந்த பிட் என்ன செய்கிறது, எல்லாம் அதில்தான் இருக்கிறது.

---

எக்ஸ்ட்ரூடர்_மூன்று

சுழலி சார், கை கொடுங்கள். இன்று காலை ஓடும்போது கிளாம்ப் போட்டேன். 88, 91, 6 ஆம்பியர்! மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தேன், மூன்றாவது ஃபேஸில் ஒன்றுமே இல்லை. மெஷினை நிறுத்திப் பார்த்தால் எங்கள் பேனலில் இருக்கிற ஃபியூஸ் பேஸில் ஒரு பக்கத்து ஸ்பிரிங் தொடுமுனை நிறம் மாறிக் கருகிப்போய் இழுவை இல்லாமல் தளர்ந்திருக்கிறது. ஃபியூஸ் நன்றாகத்தான் இருக்கிறது, அதனால்தான் கன்டினியூட்டி பார்த்தபோது எனக்குத் தெரியவில்லை. பேஸை மாற்றிவிட்டேன். இப்போது 55, 53, 56. ஆர்006 முழு லோடிலும் 530-க்குக் கீழே வரவில்லை. பி071 பார்த்தேன், 400 தான். காலையிலிருந்து டிரிப் இல்லை.

பேராமீட்டர் கோப்பும் எடுத்துவிட்டேன், முழுப் பட்டியல், மாறியவை இரண்டும். ஸ்பேருக்கு 24 வோல்ட் கொடுத்ததில் கார்டு பேசுகிறது, ஆர்069 பழையதைவிடப் புதிய பதிப்பு காட்டுகிறது.

அதனால் ஷட்டவுனில் டிரைவை மாற்றப் போவதில்லை. ஆனால் ஸ்பேரை ரீஃபார்ம் செய்து, பேராமீட்டர் ஏற்றி, ஒரு முறையாவது மோட்டாரோடு ஓட்டிப் பார்த்துத் தயாராக வைக்க நினைக்கிறேன். மோட்டார் ஐடென்டிஃபிகேஷன் (டிரைவ் தானே மோட்டாரை அளந்துகொள்வது) மறுபடி செய்ய வேண்டுமா? சிபிபி2 கார்டைப் பழையதிலிருந்து எடுத்து மாட்டினால் போதுமா?

---

சுழலி

மகிழ்ச்சி. இரண்டு வாரம் இரண்டு ஃபேஸில் 90 ஆம்பியர் இழுத்திருக்கிறது, அதனால் மற்ற இரண்டு பேஸையும், கான்டாக்டர் முனைகளையும், டிரைவின் உள்வரவு டெர்மினல் திருகுகளையும் ஷட்டவுனில் பாருங்கள். பஸ் கேபாசிட்டரும் வழக்கத்தைவிட அதிக ரிப்பிளை (டிசியில் வரும் ஏற்ற இறக்கம்) சுமந்திருக்கிறது. அவற்றின் ஆயுள் சூட்டைப் பொறுத்தது, 10 டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும் என்பது நடைமுறைக் கணக்கு. ஃபேன் எப்போது மாற்றியது என்று யாருக்கும் தெரியாவிட்டால், அதையே முதலில் மாற்றுங்கள். சுற்றுகிறது என்பது போதாது, பேரிங் இறுகிப் பாதி வேகத்தில் சுற்றுகிற ஃபேன் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எக்ஸ்ட்ரூடர் பகுதியில் கார்பன் பிளாக் மாதிரி கடத்துகிற தூசி இருந்தால் கம்ப்ரசர் காற்றால் ஊதாதீர்கள், அது கார்டுகளின் கால்களுக்கு நடுவில் போய் உட்காரும். வேக்குவம், மென்மையான பிரஷ்.

---

பழைய_டிரைவ்

ஐடென்டிஃபிகேஷன் பற்றிக் கவனமாகக் கேளுங்கள் தம்பி, இது மெஷினை உடைக்கக்கூடிய இடம்.

முழுப் பேராமீட்டர் கோப்பை ஏற்றினால் மோட்டார் மாடல் மதிப்புகளும் சேர்ந்தே வரும். அதே மோட்டார், அதே கேபிள், அதே ரேட்டிங் டிரைவ் என்பதால் மறுபடி செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. செய்ய ஆசைப்பட்டால் பி115-இல் 2 மட்டும், அதாவது நின்ற நிலையில் அளப்பது. அதிலும் ஏ078 எச்சரிக்கை காட்டும், மோட்டார் லேசாகத் திரும்பி நிலைகொள்ளலாம், யாரும் கப்ளிங் பக்கம் கை வைத்திருக்கக் கூடாது. பி115-இல் 3 போடாதீர்கள். அது மோட்டாரைச் சுழற்றியும் அளக்கும். பேரலில் பிளாஸ்டிக் உறைந்திருக்கும்போது அது நடந்தால் ஸ்க்ரூவோ கியர்பாக்ஸோ பதில் சொல்லும். கப்ளிங் கழற்றிய பிறகு மட்டும்தான் 3.

கோப்பை ஏற்ற பி060-ஐ 6 ஆக்கி டவுன்லோடு நிலைக்குக் கொண்டுபோங்கள். எழுத மறுத்தால் பி053 பாருங்கள், யாராவது அணுகலைப் பூட்டியிருப்பார்கள். பதிப்பு வேறு என்றீர்களே, ஏற்றி முடித்ததும் ஸ்பேரிலிருந்து மறுபடி ஒரு கோப்பு எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். முக்கியமாக பி100 கன்ட்ரோல் வகை, உங்களுக்கு 4 ஆக இருக்கும், என்கோடரோடு வேகக் கட்டுப்பாடு. பி101, பி102, பி107, பி108 நான்கும் மோட்டார் பெயர்ப்பலகையோடு ஒத்துப்போக வேண்டும், பி130, பி151 என்கோடருக்கு. முதல் முறை சுழற்றும்போது பி100-ஐ 1 ஆக்கி வெறும் வி/எஃப்-இல் (என்கோடரைப் பயன்படுத்தாத எளிய கட்டுப்பாடு) மெதுவாக ஓட்டி, என்கோடர் காட்டும் வேகமும் அதன் குறியும் சரியா என்று பார்த்துவிட்டு 4-க்குத் திரும்புங்கள். என்கோடரின் ஏ, பி டிராக் (இரண்டு சிக்னல்கள்) மாறியிருந்தால் 4-இல் மோட்டார் ஊர்ந்துகொண்டே கரண்ட் எல்லையில் நிற்கும், என்ன என்று தெரியாமல் அரை நாள் போகும்.

கார்டு விஷயம்: சிபிபி2-ஐ எடுத்து மாட்டினால் போதும், ஆனால் எந்த ஸ்லாட்டில் இருந்ததோ அதே ஸ்லாட்டில். மணிக்கட்டுப் பட்டை போட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் தனியாக ஒரு சிபிபி2 தேடி வாங்கி ஸ்பேரிலேயே நிரந்தரமாக வையுங்கள். ராத்திரி மூன்று மணிக்கு டிரைவ் மாற்றுகிறவர் கார்டும் மாற்ற வேண்டிய நிலை வரக்கூடாது.

---

எக்ஸ்ட்ரூடர்_மூன்று

ஷட்டவுன் முடிந்தது, ரீஃபார்மிங்கை இரண்டு நாள் முன்பே மேஜையில் செய்துவிட்டேன், எட்டு மணி நேரம், பல்பு ஒவ்வொரு படியிலும் மங்கிக்கொண்டே வந்தது. மேல் பாதி 284, கீழ்ப் பாதி 279. கப்ளிங் கழற்றி ஸ்பேரை மாட்டி, வி/எஃப்-இல் ஓட்டிப் பார்த்து, பிறகு பி100-ஐ 4 ஆக்கி ஓட்டினேன், என்கோடர் சரி.

ஒரே இடத்தில் சிக்கினேன். புரொஃபிபஸில் போட்டதும் எஃப்082. அதோடு அதே கேபிளில் இருக்கிற ஹீட்டர் நிலையமும் விட்டுவிட்டு அறுந்தது.

---

நீலப்பொறி

எஃப்082 என்றால் பி722-இல் உள்ள நேரத்துக்குள் புதிய டெலிகிராம் வரவில்லை என்று பொருள். பி918 முகவரி பாருங்கள். சில நேரம் ஏற்றும்போது அது ஏறாது, பி060-ஐ 4 ஆக்கி கையால் போட வேண்டும். பி722-ஐ 0 ஆக்கிக் கண்காணிப்பையே அணைத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள், புரொஃபிபஸ் அறுந்தால் ஸ்க்ரூ கடைசி வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

ஹீட்டர் நிலையம் அறுந்தது வேறு காரணம். உங்கள் டிரைவ்தான் அந்தக் கேபிளின் கடைசி நிலையமா? அப்படியானால் அதன் பிளக்கில் டெர்மினேஷன் (கேபிள் முனையில் சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் ரெசிஸ்டர்) சுவிட்ச் ஆன் ஆகியிருக்கும், அதற்கு 5 வோல்ட் தருவது அந்தக் கார்டுதான். கார்டில் கரண்ட் இல்லாதபோதெல்லாம் டெர்மினேஷனும் இல்லை.

---

எக்ஸ்ட்ரூடர்_மூன்று

ஆமாம், கடைசி நிலையம்தான். முகவரி 126 என்றே இருந்தது, பி060-ஐ 4 ஆக்கி மாற்றியதும் எஃப்082 போய்விட்டது. எக்ஸ்9-க்குப் பேனலின் 24 வோல்ட்டை நிரந்தரமாக இழுத்துவிட்டேன், இப்போது மெயின்ஸ் அணைத்தாலும் ஹீட்டர் நிலையம் அறுவதில்லை. ஸ்பேரைக் கழற்றி மறுபடி அலமாரியில் வைத்தாயிற்று, ரீஃபார்ம் செய்த தேதியும் கோப்பின் பெயரும் அதன் மேல் ஒட்டியிருக்கிறேன். பழைய டிரைவ் புது ஃபேனோடு ஓடுகிறது. சிபிபி2 ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.